யாருமற்ற கானகம் என்னும் பொய்

பெருங்கப்பல்கள் இயற்கையைக் கெடுக்கின்றன. பத்துப் பதினைந்து பேர் மட்டும் செல்லும் சிறு சொகுசுப் படகோ அதை வணங்கச் செல்கிறது என்கிறார்கள். அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவை முன்வைத்து இவ்வாதத்தை மறுக்கிறோம். படகு சிறிதாயிருப்பதில் நமக்குக் குறையில்லை. மேல்தளத்தில் அமர்ந்து திமிங்கிலத்தையும் கரடியையும் காண்பவர்க்கு விற்கப்படும் ‘மனிதக் காலடி படாத கானகம்’ என்ற சொற்றொடரே நம் வழக்கு.

அங்கே ஊர்கள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு ஹூனா டிலிங்கிட் மக்களை வெளியேற்றியது. 1879இல் ஜான் ம்யூர் வந்தபோது பனி வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. அவருடைய தோணிக்குத் துடுப்பு வலித்தவர்கள் டிலிங்கிட்டுகளே. பனியாற்றுக்குச் சூட்டப்பட்டதோ ம்யூரின் பெயர். பனி விட்டுக்கொடுத்த நிலத்தை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. 1925இல் அமெரிக்கா அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. நாளடைவில், மூதாதையர் வழியில் கடற்காக முட்டை சேகரிப்பதும் சட்டமீறலாயிற்று. அவ்வுரிமையை மீட்க 2014இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. கரையில் அவர்களுக்கென ஒரு குலமனை எழுந்தது 2016இல்தான்.

ஆளை அகற்றிவிட்டு அழகை வைத்துக்கொண்டதன் பெயர் கானகமாம்! மரத்தையும் புள்ளையும் சொன்ன தொல்காப்பியர், உணவையும் தொழிலையும் அவற்றோடு கருப்பொருளாகவே வைத்தார். அதைப் பயின்ற நாமும் பயணக் கட்டுரைகளில் ‘கன்னி நிலம்’ என்று கூசாமல் எழுதுகிறோம். படகில் செல்வோர் செல்லட்டும். அந்நிலத்துக்கு உரியவர் பெயரைச் சொல்லிவிட்டுத் திமிங்கிலத்தைப் பார்க்கட்டும்.