பெயர் சொல்லாதிருக்கும் உரிமை: மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், மகளிர் சங்கம், தோவாளை வட்டம்.
பெறுநர்: மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் பொறுப்பு அலுவலர், கன்னியாகுமரி மாவட்டம்.
பொருள்: 1948ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், பிரிவு 8(2)ஐ நடைமுறைப்படுத்தக் கோருதல்.
பார்வை: எமது முந்தைய இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பூக்கட்டும் பெண்களும் நடவுக்குப் போகும் பெண்களும் சேர்ந்த சங்கம் இது.

முதல் மனுவில், வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கேட்டோம். கிடைத்தது ஒரு முத்திரை. இரண்டாவதில் சட்டப்பிரிவையே நகலெடுத்து இணைத்தோம். ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்றார்கள். உரிய பிரிவு 8(2) என்றுதானே நாங்களும் எழுதியிருந்தோம்!

ஆகவே மறுபடியும்: கேள்விக்குப் பதில் சொல்வது கடமை என்னும் அதே பிரிவு, தன் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல எவரும் கட்டுப்பட்டவரல்லர் என்கிறது. உயிரோடிருக்கும் கணவர், இறந்த கணவர், வழக்கத்தால் சொல்லக் கூடாதவர் ஆகியோரின் பெயரைப் பெண் சொல்ல வேண்டியதில்லை என்றும் விலக்களிக்கிறது. ‘பிள்ளையளுக்க அப்பா’ என்றே ஆயுளைக் கழித்த எங்கள் மாமியார்களுக்கு அது போதும். எங்களுக்கு வேறு காரணமும் உண்டு. கணவனின் அடி தாங்காமல் தாய்வீடு வந்தவளிடம், திண்ணையில் நாலுபேர் கேட்க, அவன் பெயரையும் இவள் கைபேசி எண்ணையும் கேட்டால் என்ன ஆகும்? கணக்கெடுக்க வரும் ஆசிரியர் அவனுக்கு ஒன்றுவிட்ட தம்பியாகவும் இருக்கலாம். நம் ஊர் அப்படி. இங்கே பெயரைச் சொன்னால் மதம் தெரியும், பல சமயம் தெருவும் தெரியும். 1982இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தைக் கண்ட மாவட்டத்துக்குப் பெயர்ப் பட்டியலின் அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. பதிவேடுகளை யாரும் பார்வையிட முடியாது என்று பிரிவு 15 சொல்வது உண்மை. ஆனால் திண்ணையில் காதில் விழுந்ததைப் பூட்டிவைக்க எந்தப் பிரிவும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 24.8.2017இல் தீர்ப்பளித்தும் இருக்கிறார்கள்.

2027 பிப்ரவரிக் கணக்கெடுப்புக்கு முன், இந்த விலக்கைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் வாசலிலேயே அதை அறிவிக்க வேண்டும். பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும் கைபேசிச் செயலி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

மேலும்: கணக்கெடுப்பாளர் அடையாள அட்டை காட்டுதல், விளவங்கோடு பகுதியில் மலையாளத்திலும் அறிவிப்பு, ஆழ்கடல் சென்ற மீனவர் வீடுகளுக்கு மறுவருகை.

முத்திரை ஏற்கெனவே இருக்கிறது. இம்முறை எழுத்தில் பதில் தருக.

இப்படிக்கு,
செயலாளர்