கையெழுத்து மட்டும் சம்மதம் ஆகாது

1995-இல், உதிரப்போக்கு நீடிக்கிறது என்று 44 வயதுப் பெண் ஒருவர் தில்லியில் ஒரு மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்து நோயைக் கண்டறியச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. முடிவெடுக்கத் தகுதியுள்ள ஒருவருக்காக, உயிராபத்து இல்லாத நிலையில், பெற்ற தாய்கூடச் சம்மதிக்க முடியாது.

நோயாளியிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. என்ன சிகிச்சை, எதற்காக, பலன் என்ன, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும். ஆனால், எவ்வளவு விரிவாகச் சொல்வது என்பதை மருத்துவர்களிடையே உள்ள நடைமுறைக்கே நீதிமன்றம் விட்டுவிட்டது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் இந்த அளவுகோலை நோயாளியின் பக்கம் திருப்பியது: அவர் நிலையில் உள்ள ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாரோ, அதைச் சொல்லியாக வேண்டும்.

நம் வார்டுகளிலோ, ஆபரேஷனுக்கு முந்தைய இரவு படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பதோடு விளக்கம் முடிந்துவிடுவது சகஜம். சட்டச் சிக்கலிலிருந்து மருத்துவமனையைக் காப்பதே அந்தத் தாளின் வேலை என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

விளக்காமல் விடுவதன் விலை உயிராகவும் இருக்கலாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் 'அடைப்பு போய்விட்டது' என்று நினைக்கிறார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையையும் பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். இதய மருத்துவரைக் கேட்காமல், பல் பிடுங்குவதற்காகக்கூட நிறுத்தக் கூடாது. இது மனத்தில் பதியாதவர், உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறார். திடீரென ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு வருகிறது. வெற்றிகரமாக முடிந்த சிகிச்சை, சொல்லாத ஒரு வாக்கியத்தால் வீணாகிறது.

'புறநோயாளிப் பிரிவில் நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் எப்படி விளக்குவது?' என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமே. ஆனால், எல்லாவற்றையும் மருத்துவரேதான் விளக்க வேண்டும் என்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரை அறுவை சிகிச்சை பற்றி நோயாளிகளிடம் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் பேசுகிறார். ஒரு நோய்க்குச் சாத்தியமானது மற்ற நோய்களுக்கும் சாத்தியமே.

அரசு செய்யக்கூடியது தெளிவானது. பெரிய அறுவை சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு துறையிலும் ஆலோசகரை நியமிக்க வேண்டும். படிவம் தமிழில், முன்கூட்டியே நோயாளி கைக்கு வர வேண்டும். விளக்கியபின், "உங்களுக்கு என்ன செய்யப்போறாங்க, நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி கோரும்போது, விளக்கியவரின் பெயரையும் நோயாளி திருப்பிச் சொன்ன பதிலையும் இரண்டு வரியில் சேர்க்கச் சொல்லலாம்.

அதுவரை நோயாளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் வகுத்த அதே கேள்விகளைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது அல்ல. அது உங்கள் உரிமை.