தோற்றவனைப் பாருங்கள்

பிறநாடு செல்வோர் பலர் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டு திரும்புவர். அவை காண வேண்டியனவே. ஆயினும், ஒரு நாட்டு மக்களின் உள்ளப்பாங்கை அறிய விரும்புவோர் அவர்தம் விளையாட்டு மைதானத்திற்கு ஒருமுறையேனும் சென்று அமர்தல் வேண்டும். அங்கும் வென்றவனைப் பார்த்தவுடன் எழுந்துவிடலாகாது. வென்றவனை எந்நாட்டினரும் கொண்டாடுவர். தோற்றவனை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, மொங்கோலியாவின் 'நாதம்' என்னும் பெருவிழா. நாம் இசையிற் கூறும் நாதத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர்தம் மொழியில் இச்சொல் விளையாட்டைக் குறிக்கும். 1921ஆம் ஆண்டுப் புரட்சியை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் யூலை 11ஆந் திகதி தலைநகர் உலான் பத்தாரில் அரச விழாவாக இது தொடங்குகின்றது. ஆனால், அங்கு நிகழும் மற்போர், குதிரையோட்டம், வில்வித்தை ஆகிய மூன்றும் அப்புரட்சிக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டவை. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

மற்போரை முதலில் நோக்குவோம். வழக்கமாக 512 மல்லர்கள் களமிறங்குவர். ஒன்பது சுற்றுகள் நடைபெறும். ஒரு முறை தோற்றவன் வெளியேற வேண்டியதே. எனவே ஈற்றில் தோல்வியறியாது நிற்பவன் ஒருவனே. எஞ்சிய 511 பேரும் தோற்றவர்கள். எடைப் பிரிவு என்பதும் கிடையாது. மெலிந்தவன் ஒருவன் மலைபோன்ற ஒருவனோடு மோத நேரலாம். முழங்காலோ முழங்கையோ முதுகோ நிலத்திற் பட்டால் ஆட்டம் முடிந்தது.

முடிந்த அக்கணத்திலேதான் பயணி கண் விழித்திருத்தல் வேண்டும். தோற்றவன் தன் குறுஞ்சட்டையின் கட்டினை அவிழ்த்து, வென்றவனுடைய உயர்த்திய கையின் கீழாகக் குனிந்து செல்கின்றான். தோல்வியை ஒப்புக்கொண்டமைக்கு அதுவே அடையாளம். அதன் பின்னரே வென்றவன் இரு கைகளையும் சிறகென விரித்துக் கொடியைச் சுற்றி ஆடுகின்றான். அந்த ஆட்டம் கருடனின் ஆட்டம். பௌத்த சமயத்தின் வழியே இந்தியாவிலிருந்து சென்ற அதே கருடன்தான் அங்கும் சிறகடிக்கின்றான். ஐந்து சுற்று வென்றவனுக்கு வல்லூறு என்றும், ஏழு வென்றவனுக்கு யானை என்றும், ஒன்பதும் வென்றவனுக்குச் சிங்கம் என்றும் பட்டங்கள் உண்டு. எட்டுச் சுற்று வென்றவனுக்கு வழங்கும் பட்டமும் கருடனே.

மொங்கோலிய மல்லரின் புகழ் அந்நாட்டோடு நின்றுவிடவில்லை. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் மற்போரில் வெள்ளிப் பதக்கம் வென்ற முன்க்பத் என்பவரின் மகனே, யப்பானின் சுமோ மற்போரில் 45 முறை வாகை சூடி, 2021ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஹக்குஹோ. ஆனால் சுமோ அரங்கின் ஒழுங்கு வேறு. அங்கே இருவரும் ஒருவரையொருவர் வணங்கியே பிரிவர். வென்றவன் மகிழ்ச்சியை முகத்திலும் காட்டலாகாது. மற்றொரு மொங்கோலியரான அசஷோரியு, 2009ஆம் ஆண்டில் வெற்றிக் களிப்பில் இரு கைகளையும் உயர்த்தியபோது சுமோ உலகில் கண்டனம் எழுந்தது. தாய்நாட்டில் கைவிரித்து ஆட வேண்டியவர் யப்பானில் கையை அடக்கிக்கொள்ள வேண்டியவரானார்! முறைகள் வேறாயினும் கருத்து ஒன்றே: எதிரில் நின்றவனின் மானம் காக்கப்படல் வேண்டும்.

இனிக் குதிரையோட்டம். இது வட்டமான ஓடுபாதையில் நடப்பதன்று. நகருக்கு வெளியே பரந்த புல்வெளியில், குதிரையின் வயதுக்கேற்பப் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் ஓட வேண்டும். முதலில் வரும் ஐந்து குதிரைகளுக்குப் புளித்த குதிரைப்பாலால் சிறப்புச் செய்வர். ஆனால் இரண்டு வயதுக் குட்டிகளின் ஓட்டத்தில் கடைசியாக வரும் குட்டிக்கும் ஒரு பெயர் உண்டு. 'நிறைந்த வயிறு' என்று அதனை அழைத்து, வருமாண்டில் முதலாவதாக வருவாயாக என வாழ்த்திப் பாடுவர். கடைசியாக வந்ததற்கு ஒரு பாட்டு! பயணி தன் ஊருக்குக் கொண்டு செல்லத்தக்க பொருள் இதனினும் வேறு உண்டோ?

எனினும், கண்ணை மூடிக்கொண்டு புகழ்தல் நேர்மையாகாது. அக்குதிரைகளின்மேல் அமர்ந்திருப்போர் சிறுவர் சிறுமியர். ஏழெட்டு வயதினரும் அவர்களுள் உளர். விழுந்து காயமுற்றோரும் உயிரிழந்தோரும் உண்டு. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழுவும் இதுபற்றிக் கவலை தெரிவித்துள்ளது. பிந்திய குட்டிக்குப் பாட்டிசைக்கும் ஈர நெஞ்சம், விழுந்த பிள்ளைக்கும் முழுக் காவல் தேடல் வேண்டாமா? மரபு என்பதற்காக ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தல் தகாது என்று அந்நாட்டவர் பலரே இன்று வாதிடுகின்றனர். மரபினை நேசிப்போரே அதனைத் திருத்தவும் உரியவர்.

வில்வித்தையில் ஆடவரோடு பெண்டிரும் போட்டியிடுவர். இலக்கின் அருகே நிற்கும் நடுவர்கள் கைகளை உயர்த்தி 'ஊகாய்' என்று ஒருமித்துக் குரலெழுப்பி, அம்பு பட்டதை அறிவிப்பர். யார் எய்த அம்பாயினும் குரல் ஒன்றே.

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே! நம் இல்லங்களிலும் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடைபெறுகின்றது. பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில், முதலாவதாக வந்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வரும், ஊரே வாழ்த்தும். அன்று ஒரு மூலையில் தலைகவிழ்ந்து நிற்கும் பிள்ளையின் தோளில் கைவைத்து, வருமாண்டு உன்னுடையது என்று கூறுவோர் நம்முள் எத்தனை பேர்?