பிடித்த கதை... பிடிக்காத கதை!

லீவுக்கு வந்த பையன் ‘ஹாப்பி வேலி’ என்ற இங்கிலீஷ் போலீஸ் சீரியலைப் போட்டுக் காட்டினான். பி.பி.சி.யில் 2014, 2016, 2023 என மூன்று தொடராக வந்தது. மொத்தம் 18 பகுதி. கதாநாயகி கேதரின் யார்க்‌ஷயரில் போலீஸ் சார்ஜெண்ட். பாட்டியும்கூட! பலாத்காரத்துக்கு ஆளான மகள், குழந்தையைப் பெற்றபின் தற்கொலை செய்துகொள்ள, அந்தப் பேரனை இவள்தான் வளர்க்கிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாம் தொடரில் கிளேர் விஷயம். கேதரினின் உடன்பிறந்தவள். போதையிலிருந்து மீள கேதரின்தான் துணை. அவளே பேரனை ரகசியமாக ஜெயிலுக்கு, அந்தப் படுபாவியைப் பார்க்க அழைத்துப் போகிறாள்! தெரிந்ததும் கேதரின் முகம் போகிற போக்கு இருக்கிறதே... சாரா லங்காஷயர் நடிக்கிறார் என்றே தோன்றவில்லை. நானும் என் தங்கையும் ஒரு விஷயத்தில் (அது இங்கே வேண்டாம்) இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பிடிக்காதது, அதே தொடரில் ஜோயன்னா கதை. புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டிலோ அடி, உதை. அவளுக்கு டயஸிபாம் மாத்திரை இல்லாமல் முடியாத நிலை. மருந்துக் கடைக்காரரே சீட்டில்லாமல் விற்கிறார், கடைசியில் கொன்றும்விடுகிறார். நாம் பதைபதைத்துப் பார்த்த பெண்ணின் கதையைப் பேச்சோடு பேச்சாக முடித்துவிட்டார்கள்! எழுதிய சாலி வெயின்ரைட்டும் பெண்தானே? இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி மெள்ள மெள்ளத்தான் குறைக்கணும். அப்படி மீண்டு வரும் ஜோயன்னாவைக் காட்டியிருக்கக் கூடாதா?

“சீரியல்தானேம்மா!” என்கிறான் பையன். தங்கையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கேதரின் கட்சியா, கிளேர் கட்சியா என்று தெரிந்தாகணும்.