முதலில் செயலாளர் கடன்

கேரளத்தின் பொன்முடி மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றையெல்லாம் கடந்துவந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம். வீட்டுக்குள் போன் எடுக்காது. சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஏற வேண்டும். அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் என் அண்ணன் மகன் இரண்டு வருடத்தில் ஒன்றரை லட்ச ரூபாயைத் தொலைத்தான். பங்குச்சந்தையில், எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில். திட்டினேன். “நான் மட்டுமா அத்தை?” என்றான்.

அவன் மட்டுமில்லைதான். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொன்னது. அப்போது அதன் தலைவர் மாதவி புரி புச். குறைந்தபட்ச ஒப்பந்த அளவை 15 லட்சமாக உயர்த்தியதும் அவர் காலத்தில்தான். தரகர்களின் வருமானத்தில் கைவைக்கிற வேலை அது.

1988இல் தொடங்கிய செபிக்கு ஒரு பெண் தலைவராக 2022 மார்ச் வரை ஆனது. தனியார் துறையிலிருந்து வந்த முதல் தலைவரும் அவரே. ஐசிஐசிஐயில் வளர்ந்தவர், கடையின் உள்பக்கம் தெரிந்தவர். பங்கை விற்றால் மறுநாளே கணக்குத் தீர்கிற முறை 2023 ஜனவரியில் முழுமையானது. மாதம் 250 ரூபாயில் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி-க்கும் அவர் வழிசெய்தார். 250 ரூபாய் என்றால் எங்களுக்குப் புரியும்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நிறுவனமான ஹிண்டன்பர்க் அவருடைய முதலீடுகளைப் பற்றிக் குற்றம்சாட்டியபோது இங்கே டீக்கடையில் ஒருவர், “பொம்பளை கையில் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான்” என்றார். ஹர்ஷத் மேத்தா, கேத்தன் பாரேக் பங்குச்சந்தை மோசடிகளின் காலத்தில் சாவி யார் கையில் இருந்தது? எந்த ஆணின் ஆண்மையையும் அன்று யாரும் குறை சொல்லவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார்; புகார்களுக்கு ஆதாரமில்லை என்று 2025 மே மாதம் லோக்பாலும் தள்ளிவிட்டது. சரி. ஆனால் அவருடைய முதலீடுகளைப் பற்றி ஊர் அறிந்தது கேள்வி எழுந்த பிறகு, மறுப்பு அறிக்கைகள் வழியாக. கேட்பதற்கு முன்பே சொல் என்று கம்பெனிகளை விரட்டுகிற இடம் செபி. அவர் செபிக்குள் தெரிவித்த விவரம் எனக்கு எப்படித் தெரியும்? செபியின் உயர்பதவியிலிருப்பவர்கள் சொத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று செபி அமைத்த பிரத்யூஷ் சின்ஹா குழு பிறகு பரிந்துரைத்தது. அதை அவர் முதல் நாளே தானாகச் செய்திருந்தால் டீக்கடையில் பேசியவருக்குப் பேச்சே இருந்திருக்காது.

நான் பெரிய பொருளாதாரம் படித்தவள் இல்லை. குடும்பஸ்ரீ மகளிர் அயல்கூட்டத்தில் செயலாளர், பதினாறு பெண்களின் சேமிப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: கடன் பாக்கியை வாசிக்கும்போது முதலில் செயலாளருடையது.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் பெயரில் இரண்டு தவணை நிற்கிறது. அண்ணன் மகனுக்காக வாங்கியது.