கண் மாற்றியாயிற்று, பார்வை எப்போது நிலைக்கும்?

ஜார்ஜ்டவுன் - "ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இன்னுமா சரியாகத் தெரியவில்லை?" கார்னியா மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் தப்பாமல் எதிர்கொள்ளும் கேள்வி இது. கண்புரை சிகிச்சையைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. புரை எடுத்தவர் மறுநாள் கட்டை அவிழ்த்ததும் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கிறார். கார்னியா மாற்றியவருக்கு அப்படி நடப்பதில்லை. அவருடைய பார்வை மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும், மாறிக்கொண்டே இருக்கிறது.

'கண் மாற்று' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் கண்ணை யாரும் மாற்றுவதில்லை. கைக்கடிகாரத்தின் மேல் பதித்த கண்ணாடியைப் போல, கண்ணின் முன்புறத்தில் கருமணியை மூடியிருக்கும் தெளிந்த படலம்தான் கார்னியா. அதன் தடிப்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால், கண்ணுக்குள் புகும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. பிறருடைய கார்னியாவை உடல் பெரும்பாலும் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காயம் மிக மெதுவாக ஆறுவதற்கும் அதுவே காரணம்.

படலத்தை முழுத் தடிப்பிலும் மாற்றும்போது, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் வட்டமாகத் தையல் போடுகிறார்கள். பெரும்பாலும் 16 தையல்கள். ஒரு பக்கம் இழுப்பு கூடினால் படலம் அந்தப் பக்கமாக வளைகிறது. எழுத்து இரட்டிக்கும், தெருவிளக்கு வால் முளைத்ததுபோல் நீளும், பினாங்குப் பாலத்தில் எதிர்வரும் வாகனங்களின் விளக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மருத்துவர் படலத்தின் வளைவை அளந்து பார்த்து, சில மாதங்களுக்குப் பிறகு தையல்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். ஒரு தையல் போனால் பார்வையும் மாறுகிறது, சில நேரம் நல்லதற்கு, சில நேரம் முன்பிருந்ததைவிட மோசமாக. அவசரப்பட்டு வாங்கிய மூக்குக்கண்ணாடி அடுத்த சந்திப்புக்குள் பயனற்றுப் போவது இதனால்தான். தையல் எல்லாம் போன பின்னும் சிலருக்குக் கண்ணாடி மட்டும் போதாது, கடினவகை கான்டாக்ட் லென்ஸ் தேவைப்படும். படலத்தின் உள்ளடுக்கை மட்டும் மாற்றும் புதிய முறைகளில் பார்வை விரைவாகத் திரும்புகிறது. ஆனால் முள் குத்தி ஆழமாகத் தழும்பேறிய கண்ணுக்கு அவை உதவா.

முள் என்றதும் செபராங் பிறையின் தோட்டப்புறங்கள் நினைவுக்கு வரவேண்டும். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் செம்பனைக் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்த்துத்தான் வேலை செய்கிறார். மட்டையிலிருந்து விழும் தூசும் முள்ளும் நேராக முகத்துக்கு வருகின்றன. சிறு கீறல்தானே என்று இரண்டு நாள் விட்டால் அதில் கிருமியோ பூஞ்சையோ இறங்கிப் புண்ணாகிறது. புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கிறது. மதுரை மாவட்டத்தில் 1990களில் நடந்த ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கார்னியாவில் புண் வந்ததாகக் கணக்கிட்டது. வேளாண் வேலை நிறைந்த வட்டாரம் அது. தாய்ப்பாலும் இலைச்சாறும் கண்ணில் விடும் பழக்கம் இங்கும் முற்றாகப் போய்விடவில்லை. அதைவிட ஆபத்தானது, யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கடன் வாங்கி ஊற்றுவது. பூஞ்சைப் புண்ணுக்கு அது தீனி போடுவதற்குச் சமம்.

இதே ஸ்டீராய்டு மருந்துதான் கார்னியா மாற்றியவரின் கண்ணைக் காக்கிறது என்பது வேடிக்கை. உடல் புதிய படலத்தை எதிர்க்காமல் இருக்க மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், சொட்டு விட வேண்டும். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம். அதனால்தான் கண்ணில் தொந்தரவே இல்லாதபோதும் சோதனைக்கு வரச் சொல்கிறார்கள். கண் சிவப்பது, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, வலிப்பது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சை நடந்து பல ஆண்டுகள் கழித்தும் எதிர்ப்பு வரலாம். உடனே கவனித்தால் பல நேரம் படலத்தைக் காப்பாற்றிவிடலாம்.

இங்கேதான் வேலையும் சலுகைகளும் குறுக்கே வருகின்றன. வேலையில் அடிபட்டவருக்குப் பெர்கேசோ, குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காட்டைத் தற்காலிக இயலாமைக்கு வழங்குகிறது. நிரந்தர இயலாமையை மருத்துவ வாரியம் மதிப்பிடுகிறது. சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளர் பதிவில் 6/18, 3/60 போன்ற அளவுகள் எல்லைக்கோடுகளாக உள்ளன. இந்த ஏற்பாடுகள் பார்வையை ஒரு நாளில் எடுத்த எண்ணாகத்தான் பார்க்கின்றன. மார்ச் மாதம் கோட்டுக்குக் கீழே இருந்தவர் தையல் எடுத்த பிறகு செப்டம்பரில் மேலே போகலாம், அடுத்த ஆண்டு மறுபடியும் இறங்கலாம். முதலாளிக்கும் இதைப் புரியவைப்பது கடினம். காலையில் நன்றாகப் படித்த தொழிலாளி மாலையில் கண் உலர்ந்து எழுத்து தெரியவில்லை என்றால், நடிப்பதாகவே எண்ணப்படுகிறார். எந்த வேலை முடியும், எது கூடாது, மறு சோதனை எப்போது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பார்வை போதாமல் நின்றுவிட்டவர்களுக்கு ஜாலான் பாகான் ஜெர்மாலில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது. 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு வந்த இல்லம் அது.

கார்னியா எங்கிருந்து கிடைக்கிறது? 1905 டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பால் கண் வெந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு முதன்முதலாக வெற்றிகரமாக இதைச் செய்தார். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கியவர் டாக்டர் முத்தையா. இலங்கையில் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண் தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கார்னியா அனுப்பியது. மலேசியாவோ இன்றும் கணிசமான அளவுக்கு வெளிநாட்டுக் கண் வங்கிகளை நம்பியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் தானத்துக்கு இடம் கொடுக்கிறது, மைசெஜாத்ரா செயலியிலேயே உறுதிமொழி பதியலாம். ஆனாலும் மரணத்துக்குப் பின் குடும்பம் வேண்டாம் என்றால் எடுப்பதில்லை. சில மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டிய அந்த வேளையில்தான் பிள்ளைகள் முதல் தடவையாக, "அப்பா இப்படி எழுதியிருந்தாரா?" என்று கேட்கிறார்கள். கண்ணப்ப நாயனார் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில் இந்தப் பேச்சு இறப்பு வீட்டில்தான் தொடங்க வேண்டுமா?

தைப்பூசம் இவர்களுக்குத் தனிச் சோதனை. முழுத் தடிப்பில் மாற்றிய படலத்தின் விளிம்பு பழைய வலிமையை ஒருபோதும் முழுமையாகப் பெறுவதில்லை, பலமான அடி பட்டால் பிளந்துவிடலாம். பினாங்கில் இரத ஊர்வலத்தின்போது தெருவெங்கும் தேங்காய் சிதறுகிறது, ஓட்டுச் சில்லுகள் முகம்வரை எழும்புகின்றன. கூட்டத்தில் ஒரு முழங்கை போதும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தேங்காய் உடைக்கும் இடத்திலிருந்து தள்ளி நின்று பார்க்கலாம். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை ஏறுவதுகூட அவ்வளவு சிரமமில்லை. இரு கண்களின் தெளிவும் ஒத்துப்போகாதபோது ஆழம் பிடிபடாது, இறங்கும்போதுதான் அடுத்த படி எங்கே என்று தெரியாமல் கால் தடுமாறும். கைப்பிடிக் கம்பியோரமாக ஒருவர் மெதுவாக இறங்கினால், பின்னால் வருபவர்கள் அவரை நெருக்காமல் இருந்தால் போதும்.