வரிச் சீட்டு வந்தது. கேட்க கவுன்சிலர் இல்லை!
சென்னை மாநகராட்சிக் கதை பெரிசு. தர்மபுரிக்கும் அதில் பங்கு உண்டு

சென்னைக் கதை நமக்கு எதுக்கு என்று கேட்காதீர்கள். விஷயம் இருக்கிறது!

1973-ல் சென்னை மாநகராட்சியில் "மஸ்டர் ரோல்" ஊழல் வெடித்தது. வேலைக்கே வராத ஆட்கள் பெயரில் கூலிப் பட்டுவாடா! அரசு மன்றத்தையே கலைத்தது.

திருடனைப் பிடிக்க வேண்டியதுதான். அதுக்காக வீட்டையே பூட்டுவதா? 1996 வரை மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அதிகாரி ராஜ்யம்தான்!

மறுபடியும் பூட்டு

2016 அக்டோபரில் தேர்தல் அறிவிப்பை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அப்புறம் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். தர்மபுரி நகராட்சியின் 33 வார்டும் இதில் சேர்த்தி. குழாயில் தண்ணி வரலேன்னா யார் கிட்ட போய்ச் சொல்றது? ஆபீசில் மனு கொடுத்துட்டு வர வேண்டியதுதான்.

கஜானா கதை இன்னும் மோசம். 2018-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். 2019-ல் அரசே நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் ஒரே போடு! தர்மபுரி மாதிரி ஊர்களில் வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் 150 வரை. வரியை ஏற்றினால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்று காரணம் சொன்னார்கள்.

அப்போது கவுன்சிலர்கள் பதவியேற்று ஒரு மாதம்தான். உத்தரவு வந்தது கோட்டையிலிருந்து!

அந்த மன்றங்களுக்கு ஆயுசு 5 வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்கணும் என்கிறது அரசியல் சட்டம். 2016-லும் அதேதான் சொன்னது.